எழுத்து நாளும் தாலி நாளும்

பாரிசின் லா சப்பல் பகுதியில் கோசலையின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. புடவைக்கடைக்கும் மரக்கறிக்கடைக்கும் நடுவில் ஒரு ஒடுங்கிய கதவு. உள்ளே இரண்டு மேசை, ஒரு கொம்பியூட்டர். பிரெஞ்சில் கடிதம் எழுதத் தெரியாத சனம் அங்கேதான் வரும். பூபாலசிங்கம் வந்து உட்கார்ந்தபோது மத்தியானம் கழிந்திருந்தது. விடியற்காலையில் நகருக்கு வெளியே பொண்டியிலிருந்து வெளிக்கிட்டு, தாய்லாந்துத் தூதரகக் கொன்சூலாவுக்குப் போய்விட்டு வந்திருந்தார். விசாவுக்குக் கொடுத்த கோப்பு அப்படியே கையில் திரும்பி வந்திருந்தது.

"எந்தக் கடுதாசி குறைஞ்சு போச்சாம், அண்ணை?"

"ஒண்டும் குறையேல்லை, பிள்ளை. ஒரு தேதி கூடிப்போச்சு."

கோசலைக்கு விளங்கவில்லை. கோப்பை வாங்கித் தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினாள்.

பூபாலசிங்கத்துக்கு ஐம்பத்தேழு வயது. பாரிசுக்கு வந்த நாள் முதல் உணவகங்களில் கோப்பை கழுவுகிற வேலை. பதினைந்து வருடத்துக்கு முந்தி ழான்-லூக் என்பவரின் உணவகத்தில் கழுவிக்கொண்டிருந்தபோது, அங்கே சமைக்க வந்தவள்தான் ரத்தனா. தாய்லாந்துக்காரி. இருவருக்கும் பொதுவாக இருந்தது குசினிப் பிரெஞ்சு மட்டும்தான். சோறு, தண்ணி, சூடு, கவனம், களைப்பு. அந்த ஐந்தாறு சொல்லை வைத்துக்கொண்டே ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டார்கள். பிறகு அவள் தமிழும் பழகினாள். கோயிலில் பெண்கள் அவளை ரத்தினம் என்று கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

பிள்ளைகள் இல்லை. அது கடவுள் எழுதினது என்று பூபாலசிங்கம் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முந்தி ரத்தனாவின் தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒரே பிள்ளை அவள். தாய்லாந்தில் உடோன் தானிக்குப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனவள் திரும்பி வர வழியில்லை. இவர் இரண்டு தரம் விடுமுறையில் போய் ஒவ்வொரு மாதம் நின்றுவிட்டு வந்தார். இரண்டாம் தரம் திரும்பும்போது, தகப்பனைத் தூக்கிக் கழுவித் துடைத்து அவள் இடுப்பு கோணிப்போயிருந்ததைக் கண்டார். இனி அங்கேயே போய் இருந்துவிடுவது என்று அந்த விமானத்தில் தீர்மானித்தார்.

கோசலை அப்போதே எல்லா வழியும் சொல்லியிருந்தாள். சும்மா போனால் கொஞ்ச நாள்தான் நிற்கலாம், அடிக்கடி வெளியே வந்து வந்து போகவேண்டும். ஐம்பது வயது தாண்டினவர்களுக்கு ஓய்வு விசா உண்டு, ஆனால் அதற்கு வங்கியில் கட்டிவைக்கிற காசு இரட்டிப்பு. தாய்லாந்துக்காரரைக் கலியாணம் செய்தவர்களுக்கு வேறொன்று. முதலில் தொண்ணூறு நாள், பிறகு அங்கே போய் வருடத்துக்கு வருடம் நீட்டலாம். "உங்களுக்கு இதுதான் தோது அண்ணை, கலியாணக் கடுதாசி இருந்தாப் போதும்" என்றாள். அந்தக் கலியாணக் கடுதாசியில்தான் இன்று கால் இடறியது.

"இதைப் பார்," என்று பூபாலசிங்கம் விரலை வைத்தார். மெரியில், அதுதான் நகரசபையில், கொடுத்த கலியாணப் பத்திரத்தில் மார்ச் பன்னிரண்டு. கோசலை எழுதிக் கொடுத்த கடிதத்தில் செப்டம்பர் எட்டு. ரத்தனா தாய்லாந்து மொழியில் எழுதி அனுப்பின கடிதத்திலும் செப்டம்பர் எட்டு. கலியாணப் படங்களின் மூலையிலும் அதே தேதி.

கோசலை நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் சொல்ல நான் எழுதினனான். எனக்கும் அது வித்தியாசமாய்த் தெரியேல்லை."

எப்படித் தெரியும்? மெரியில் கையெழுத்து வைக்கிற நாளை எங்கள் சனம் எழுத்து என்று சொல்லும். எழுத்து முடிந்தாலும் பெண் தன் வீட்டில்தான். ஐயர் நாள் பார்த்து, தாலி ஏறி, அதன் பிறகுதான் புருசன் பெண்சாதி. கலியாணம் எப்போது என்று யாரைக் கேட்டாலும் தாலி நாளைத்தான் சொல்வார்கள். பூபாலசிங்கத்தின் அக்கா கமலராணி செவ்ரானில் இருந்தாள். ஆவணிக்கு முந்தி நல்ல நாள் இல்லை என்று அவள் சொன்னதை இவர் தட்டவில்லை.

ரத்தனாவுக்கு இது ஒன்றும் அப்போது விளங்கியிருக்கவில்லை. எழுத்தன்று மெரி வாசலுக்கு அவள் பெட்டியோடு வந்து நின்றாள். இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெத்ரோவில் ஏறி, அவளை அவளுடைய அறை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பினார். ஆறு மாதம் அப்படித்தான். படியேறி உள்ளே போனதில்லை.

"கொன்சூலாவிலை இருந்த பொம்பிளை நல்ல மரியாதையாய்த்தான் கேட்டவ," என்றார். "கலியாணத்துக்குப் பிறகும் பழைய வாடகைக் கடுதாசியளிலை ஆறு மாசமாய் ரெண்டு பேருக்கும் ரெண்டு விலாசம், ஏன் மிஸ்யூ எண்டு. கடுதாசிக்குக் கட்டின கலியாணமோ எண்டு யோசிக்கிறா போலை. எனக்குப் பிரெஞ்சிலை வாய் வரேல்லை. மூண்டு கிழமையாலை திரும்பி வரச் சொன்னவ."

பக்கத்துக் கதிரையில் குலசேகரம் இருந்தான். இவரோடு வேலை செய்கிறவன், வரி விசயமாக வந்தவன்.

"மச்சான், மார்ச்சிலை இருந்தே ஒண்டாய் இருந்தனாங்கள், விலாசம் மாத்த மறந்துபோனம் எண்டு எழுதிவிடு. ஆர் வந்து கட்டிலுக்குக் கீழை பாக்கப்போறான்?"

"உது ஏலாது."

"ஏலாதோ? நீ என்ன அரிச்சந்திரன்ரை தம்பியோ? பெண்சாதியை ஆறு மாசம் வாசலோடை விட்டிட்டு வந்த விசரன் எண்டு எழுதப்போறியோ?"

கோசலை சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அண்ணை, இவர் சொல்லுற மாதிரி எழுதினா லேசுதான். உண்மையை எழுதினா அவை நம்பவும் கூடும், நம்பாமலும் விடக்கூடும். நீங்கள் ரத்தனா அக்காவைக் கேளுங்கோ."

வெளியே வந்து ரத்தனாவுக்கு அழைத்தார். அங்கே பொழுதுபட்டிருந்தது. முழுவதையும் அவள் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "பொய் எழுதினா விசா வருமோ?"

"வரும் எண்டு குலம் சொல்லுறான்."

"உங்களுக்கு ஏலுமோ?"

இவர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"எனக்கு அப்பாவைத் தனியத் தூக்க ஏலேல்லை. நேற்று ரெண்டு பேரும் விழுந்திட்டம். ஆனா நீங்கள் ஒரு பொய் எழுதிப்போட்டு இஞ்சை வந்து, சாமிப் படத்துக்கு முன்னாலை நித்திரையில்லாமல் குந்தியிருந்தா, உங்களையும் நான்தானே தூக்கவேணும்."

அவர் கோயிலுக்குப் போகவில்லை. ரூ பஜோல் வீதியில் இருக்கிற பிள்ளையார் கோயில் இரண்டு நிமிட நடைதான், ஆனால் கால் இழுக்கவில்லை. பிள்ளையாருக்கு நின்ற இடத்திலிருந்து கும்பிட்டாலும் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "நடந்ததை நடந்தபடி எழுது, பிள்ளை," என்றார். பெட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனதையும் விடாமல் சொன்னார். குலசேகரம் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப நானும் சாட்சிக் கையெழுத்து வைக்கிறன்," என்றான். எழுத்தன்று மெரிக்கு வந்த நாலு பேரில் அவனும் ஒருவன். கமலராணியும் ஒரு கையெழுத்துப் போட்டாள்.

மூன்று கிழமை கழித்துக் கொன்சூலாவில் அதே பொம்பிளை கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். பெட்டி வருகிற இடத்தில் நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். பிறகு பேனையை எடுத்து, விண்ணப்பத்தில் கலியாண நாளாக எந்த நாளை எழுதுவது, ஒன்றுதான் எழுதலாம் என்று கேட்டாள்.

பதினாலு வருடமாக அவர் செப்டம்பர் எட்டுக்கு விரதம் பிடித்திருக்கிறார். அவருக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவர்களுடைய புத்தகத்தில் அவர்களுடைய கணக்குத்தானே. "மார்ச், மதாம்," என்றார். அவள் எழுதினாள்.

தொண்ணூறு நாளுக்கு விசா கிடைத்தது. வீதிக்கு வந்து ஒரு சுவரில் சாய்ந்துகொண்டு ரத்தனாவுக்குச் சொன்னார். அவள் அழுதாள், பிறகு மூக்கைச் சிந்தினாள்.

"விசா நீட்டிறதுக்கு இஞ்சையும் ஒரு குடிவரவுக் கந்தோர் இருக்கு," என்றாள். "அங்கையும் உதே கேள்வி கேப்பினம்."

"கேட்டா?"

"நான் பக்கத்திலை நிப்பன். பிரெஞ்சு வேண்டாம், நானே சொல்லுவன்."

பூபாலசிங்கம் தலையை ஆட்டினார். போனில் அது அவளுக்குத் தெரியாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. "ஓம்," என்றார்.