மேல் கா, கீழ் கா

முதலில் மகளுக்குக் கண் சிவந்தது. அவள் முகம் துடைத்த துண்டிலேயே தம்பியும் துடைத்தான், மறுநாள் அவனுக்கும் சிவந்தது. நாலு நாள் வீட்டில் வைத்திருந்துவிட்டு, ஐந்தாம் நாள் இருவரையும் பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போனேன். பக்கத்து பிளாக் பெண்மணி, பிள்ளைகளை ஏன் காணோம் என்று ஹிந்தியில் கேட்டார். நானும் ஹிந்தியிலேயே, ரெண்டு பேருக்கும் மெட்ராஸ் ஐ என்று சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் பக்கத்தில் அதற்கு அதுதான் பெயர். டெல்லியில் அது ஐ ஃப்ளூ. இத்தனை வருஷம் மயூர் விஹாரில் இருந்தும், நோய்நொடி என்று வந்துவிட்டால் என் வாயில் திருநெல்வேலிதான் வருகிறது.

"மெட்ராஸ் ஸே லேகே ஆயே க்யா?" என்றார் அந்தப் பெண்மணி. மெட்ராஸிலிருந்து கொண்டுவந்தீர்களா என்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவர் தன் மகளை இரண்டடி தள்ளி நிறுத்திக்கொண்டார். நாங்கள் ஊருக்குப் போயே இரண்டு வருஷம் ஆகிறது, இது உங்கள் யமுனைக்கரைச் சரக்குதான் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நல்ல பதிலெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும். பேருந்தில் ஏறும்போது என் மகள் குனிந்து என் காதில் சொன்னாள்.

"ம்மா, ப்ளீஸ். இனிமே ஐ ஃப்ளூன்னு சொல்லு. மெட்ராஸ்னு சொல்லாத."

அவளுக்குப் பத்து வயது. அந்தப் பெண்மணி சொன்னது எனக்கு அன்று மதியமே ஆறிவிட்டது. மகள் சொன்னது ஆறவில்லை. என் பேச்சு அவளுக்குக் கூச்சமாகிவிட்டது என்பதை என்னால் தாங்க முடியவில்லை, உள்ளபடியே சொல்கிறேன். பேருந்து பிடித்துப் போகும் தூரத்தில்கூட இல்லை தமிழ்ப் பள்ளி, பக்கத்திலேயே இருக்கிறது. நாங்கள்தான் சேர்க்கவில்லை. அவளுக்குத் தமிழ் பேச வரும், ஓர் எழுத்துகூடப் படிக்க வராது. ஆகவே கோபத்தில் பாதி என்மேலேயே இருந்தது.

ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு கொக்கி என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனில் தேடினேன். பிள்ளைகள் பெயரின் முதல் எழுத்து போட்ட கொக்கிகள் அழகழகாக இருந்தன, யானை விலையில். ஏ முதல் இசட் வரை எல்லாம் இருந்தது. தமிழில் ஒன்றுகூட இல்லை. சரி, உங்கள் கடையும் வேண்டாம், உங்கள் எழுத்தும் வேண்டாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பழவண்டி பையாவிடம் உடைந்த ஆப்பிள் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதில் இரண்டு பலகைத் துண்டுகளை அறுத்து, சிலாம்பு போகும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கொக்கிகள் இரும்புக் கடையில் கிடைத்தன. எழுத பெயின்ட் இல்லை. பிள்ளைகளின் போஸ்டர் கலர் குளியலறை ஈரத்தில் ஒரு வாரம் தாங்காது. ஒரு கல்யாணத்துக்கென்று வாங்கிய மெரூன் நகப்பூச்சு பாதி பாட்டில் இருந்தது. பாத்திரம் தேய்த்தாலும் விரலை விட்டுப் போகாத பூச்சு அது. அதை எடுத்து, கொக்கிக்கு மேலே அவரவர் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக, தடிமனாக, தமிழில் எழுதினேன்.

இரண்டும் காய்வதற்குப் பால்கனியில் வைத்தபோதுதான் என் கணவர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏட்டி, இதுல எந்தக் கா யாருக்கு?"

நான் குனிந்து பார்த்தேன். இந்தப் பலகையிலும் கா, அந்தப் பலகையிலும் கா. மகள் பெயர் ஆங்கிலத்தில் ஜியில் தொடங்கும், மகன் பெயர் கேயில். வாயால் கூப்பிடும்போது ஒன்று அடிவயிற்றிலிருந்து அழுத்தி வரும், மற்றது தொண்டையோடு நின்றுவிடும். எழுத்தில் இரண்டுக்கும் ஒரே கா. இத்தனை வருஷமாக ஸ்கூல் பாரத்தில் ஆங்கிலத்திலேயே எழுதி எழுதி, பெற்ற பிள்ளைகளின் முதல் எழுத்து ஒன்று என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மகளும் வந்து பார்த்தாள். "பாத்தியா? இதுக்குத்தான் ஜி, கே போட்டிருக்கணும். ஹிந்தியிலகூட ரெண்டு லெட்டர் இருக்கு. தமிழ்ல மட்டும் ஏன் இல்ல?"

"ஒண்ணே போதும்ட்டி. எங்க எப்படிச் சொல்லணும்னு நம்ம வாய்க்குத் தெரியும்."

"அப்ப டவல் மாறிப் போகும்ல?"

நியாயமான கேள்விதான். நகப்பூச்சை அழிக்கும் திரவம் அலமாரியிலேயே இருந்தது. ஒரு நிமிஷத்தில் துடைத்துவிட்டு ஜி, கே என்று எழுதியிருக்கலாம். கணவரும் அதைத்தான் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். மாட்டேன், அவ்வளவுதான் என்றேன்.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டு ஓனர் வாடகை ஒப்பந்தத்தில் எழுதிய விதி. கதவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒரு பலகையை மேலேயும், துண்டு தொங்கினாலும் மறைக்காதபடி இன்னொன்றைச் சற்றுத் தள்ளிக் கீழேயும் வைத்து ஸ்க்ரூ முடுக்கினேன்.

"மேல இருக்க கா அக்காவுக்கு. கீழ இருக்க கா ஒனக்கு," என்றேன் மகனிடம். அவன் எட்டிப் பார்த்துத் தன் கொக்கியைத் தொட்டான். கை எட்டியது, அவனுக்கு அது போதும். மகள் தன் துண்டை மேலே மாட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு துண்டு ஒரு நாளும் மாறவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து பிளாக் பெண்மணியின் மகள் விளையாட வந்தாள். அன்று இரண்டடி தள்ளி நிறுத்தப்பட்ட அதே பெண். சாப்பிடுமுன் கை கழுவ இருவரும் குளியலறைக்குள் போனார்கள். அடுப்படியிலிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. என்ன எழுதியிருக்கிறது, ஜிலேபி மாதிரி இருக்கிறதே என்று அந்தப் பெண் ஹிந்தியில் கேட்டாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"கா," என்றாள் என் மகள். "ஊபர் வாலா மேரா, நீச்சே வாலா தம்பி கா."

மேலே இருப்பது என்னுடையது, கீழே இருப்பது தம்பியுடையது. தம்பி என்றே சொன்னாள், அதற்கு ஹிந்தி தேடவில்லை. இரண்டும் ஒரே எழுத்தாயிற்றே, எப்படித் தெரியும் என்று தோழி விடவில்லை.

"ஹமே பதா ஹை." எங்களுக்குத் தெரியும். அதைச் சொன்ன தோரணை அப்படியே என்னுடையது, என் மாமியாரிடம் கேட்டாலும் சொல்லுவார்.

நான் ஒரு கைத்துண்டை எடுத்துக்கொண்டு போனேன். தோழி ஈரக் கையோடு மேல் கொக்கியிலிருந்த துண்டை எட்டிக்கொண்டிருந்தாள். என் மகள் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏ, மத் சூனா! மெட்ராஸ் ஐ ஹோ ஜாயேகா!"

தொடாதே, மெட்ராஸ் ஐ வந்துவிடும். சொல்லிவிட்டுத் திரும்பியவள், வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். கைத்துண்டை என்னிடமிருந்து வாங்கித் தோழியிடம் கொடுத்தாள். சொன்னதை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை.