வட்டவளையில் கிடைத்த சோளமாவு

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்து அடைமழை நாளொன்றில், கண்டியிலிருந்து ஹட்டனுக்கு வரும் பஸ்ஸில் இது நடந்தது. ஆஸ்பத்திரியில் கிளினிக் முடிந்து, நானும் என் நாலு வயது மகளும் கொட்டகலைக்குப் பக்கத்திலுள்ள நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

மகளைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும். கைக்குழந்தையாக இருந்தபோது காலையில் எழும்பும் நேரம் உடம்பெல்லாம் வியர்த்து, கண் செருகி, வலிப்பு வந்துவிடும். லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கயிறு கட்டிப் பார்த்தோம். கடைசியில் கண்டியில் ஒரு டாக்டரம்மாதான் என்னவென்று கண்டுபிடித்தார். என்னை உட்காரவைத்து, பொறுமையாக விளக்கினார். நாம் சாப்பிடும் சோறு குளுக்கோஸாக மாறுகிறது. நமக்கு வேண்டிய சக்தி அந்தக் குளுக்கோஸின் பிணைப்புகளில்தான் சேர்ந்திருக்கிறது. உடம்பிலுள்ள நுண்ணிய உயிர்க்கலங்கள் அதைப் படிப்படியாக உடைத்து, அந்தச் சக்தியை எடுத்துத்தான் உயிர் வாழ்கின்றன. மிஞ்சிய குளுக்கோஸை ஈரல் ஒன்றோடொன்று கோத்து, சங்கிலி மாதிரி வைத்துக்கொள்ளும். வயிறு காலியானதும் அந்தச் சங்கிலியைக் கழற்றி இரத்தத்தில் விடும்.

"ஒங்க மக ஈரலுக்குச் சேத்து வைக்கத் தெரியுது. வெளிய விடத்தான் தெரியல" என்றார்.

அதற்கு மருந்தென்று அவர் தந்தது பச்சைச் சோளமாவு. கடையில் 'கோன்ஃப்ளவர்' என்று விற்பார்களே, அதேதான். அதுவும் குளுக்கோஸ் சங்கிலிதானாம். பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் வயிற்றில் மெதுவாகக் கழன்று, சில மணி நேரம் பிள்ளையைத் தாங்கும். காய்ச்சினால் எல்லாம் ஒரேயடியாகக் கழன்று சீக்கிரம் தீர்ந்துவிடும். சீனி, பழம், பால் எல்லாம் அவளுக்கு ஆகாது. அன்றிலிருந்து நேரம் தவறாமல் மாவு கரைப்பதுதான் என் வாழ்க்கை. வெளியில் மட்டும் யாரிடமும் சொல்லமாட்டேன். பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்ற பயம்.

அன்றைக்கு கிளினிக்கில் சரியான சனம். முடிய நேரமாகிவிட்டதால், வழிக்கென்று வைத்திருந்த மாவை அங்கேயே கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த நேரத்துக்குள் வீடு போய்விடலாம் என்றுதான் பஸ் ஏறினேன். வட்டவளைக்கு வந்ததும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் மண்சரிவு. மண்ணை அள்ளும் மிஷின் வந்தால்தான் வழி திறக்கும், எப்போது வருமென்று தெரியாது என்றார் கண்டக்டர்.

மாவு கொடுக்கும் நேரம் தாண்டியது. பையில் அவசரத்துக்கு வைத்திருந்த குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தேன். அது கொஞ்ச நேரம்தான் நிற்கும். பக்கத்து சீட்டுக்காரர்கள் பாவம், டொபி கொடுத்தார்கள், வாழைப்பழம் கொடுத்தார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெருமைக்காரி என்று நினைத்திருப்பார்கள்.

அதுவரை ஜன்னலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்த மகள் என் மடியில் சாய்ந்தாள்.

"அம்மா, தூக்கமா வருது."

நெற்றியைத் தொட்டேன். அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தது. எழுந்து நின்று, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, பிள்ளைக்கு இப்படி ஒரு நோய் வருத்தம், இந்த மாவு இல்லையென்றால் வலிப்பு வந்துவிடும் என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

கண்டக்டர் உடனே எழுந்தார். குடைகூட இல்லாமல் இறங்கி, பின்னால் நின்ற வாகனங்களில் ஒவ்வொன்றாகத் தட்டி, தமிழிலும் சிங்களத்திலும் கோன்ஃப்ளவர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். போனவர் திரும்பி வரும்போது கூடவே ஒரு சிங்கள அம்மா வந்தார். ஹட்டனில் ரோல்ஸ், பெட்டிஸ் என்று பலகாரம் போட்டு விற்பவராம். வேனில் கடைச் சாமான் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கையில் பெரிய கோன்ஃப்ளவர் பாக்கெட்டும், சுடுதண்ணி போத்தலும்.

நான் பச்சைத் தண்ணீரை எடுத்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சுகமில்லாத பிள்ளைக்கு யாராவது பச்சை மாவைக் கொடுப்பார்களா, சுடுதண்ணியில் கஞ்சியாகக் கரைத்துத் தருகிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். சுற்றி நின்றவர்களும் அதுதான் சரி என்றார்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், காய்ச்சினால் சீக்கிரம் தீர்ந்துபோகும், பச்சையாக இருந்தால்தான் நின்று வேலை செய்யும் என்று சொன்னேன். என் முகத்தையே பார்த்தவர், "ஹரி நங்கி", சரி தங்கச்சி என்று கையை விட்டார். பிறகு மகளின் தலையை அவரே தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அளவுக் கரண்டியால் அள்ளிக் கரைத்து, வாய் வாயாகக் குடிக்கவைத்தேன். முடியும்வரை அவர் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மெதுவாக வியர்வை அடங்கியது. கை சூடேறியது. கண்ணைத் திறந்து அக்கம்பக்கம் பார்த்தவள், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற கண்டக்டரைக் காட்டி, "அந்த மாமா ஏன் நனைஞ்சிருக்காரு?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பொழுது சாயும் நேரம் வழி திறந்தது. அந்த அம்மா மீதி மாவையும் என் பையிலேயே வைத்துவிட்டு வேனுக்குப் போனார். ஹட்டனில் இறங்கும்போது, பழம் கொடுத்த பெண்மணி என் பையைத் தூக்கிக்கொண்டு கொட்டகலை பஸ்வரைக்கும் கூடவே வந்தார்.

இப்போது மகள் பாலர் பாடசாலை முடித்து முதலாம் வகுப்புக்குப் போகிறாள். அவளுக்கு என்ன வருத்தம், என்ன கொடுக்க வேண்டும் என்று டீச்சருக்கும் தெரியும், வேன் டிரைவருக்கும் தெரியும், லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வீட்டு அக்காவே சில நாள் மாவு கரைத்துக் கொடுக்கிறார். நான் ஒருத்தியாகக் கட்டிக் காத்த உயிரை இன்று ஊரே சேர்ந்து பார்த்துக்கொள்கிறது. வாய் திறந்து சொன்னால் மனிதர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் நான் இப்போது நிம்மதியாக இருக்கிறேன்.