பிடி அரிசியும் பெரும்பசியும்

போர்க்காலத்தில் அரிசிக்கு ரேஷன் வந்த பிறகு, சாந்தோமில் எங்கள் பங்குத் தேவாலயத்தைச் சுற்றியிருந்த வீடுகளுக்கு வாரந்தோறும் சென்று, உலை வைக்கும்போதெல்லாம் பசித்தவர்களுக்காக ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வையுங்கள் என்று எடுத்துரைக்கும் பொறுப்பை நானாகவே ஏற்றுக்கொண்டிருந்தேன். பட்டம் பெற்றவள் சொல்கிறாள் என்பதாலோ, பேச்சை நிறுத்தினால் போதும் என்பதாலோ, பெண்கள் அரிசியைக் கொடுத்தனுப்பினார்கள். உணவுச் சிக்கனம் குறித்து நான் ஆற்றிய சிற்றுரைகள் நியாயமானவை என்றே இன்றும் கருதுகிறேன். ஒரே ஒரு குறை, அவற்றை முடித்துக்கொண்டு வீடு திரும்பியதும் மூன்று பேருக்கான சோற்றை நான் ஒருத்தியே சாப்பிட்டேன்.

சாப்பிட்டும் இளைத்தேன். மார்கழியிலும் வியர்த்தது. காபி டம்ளரை எடுத்தால் பாதி காபி புடவைக்குப் போயிற்று. நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, என் இதயம் மட்டும் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தது.

எங்களோடு வாழ்ந்த அத்தைக்கு இதில் ஐயமே இல்லை. "படிச்ச பொண்ணு கல்யாணம் ஆகாம ஊர் சுத்துனா படபடப்பு வராம என்ன வரும்? ஒரு பையனப் பாரு. அரிசியும் வேணாம், பிரசங்கமும் வேணாம்," என்று அம்மாவிடம் தீர்ப்பளித்தாள்.

தியாகராய நகரிலிருந்த மருத்துவர் என் கழுத்தைத் தடவிப் பார்த்து, தண்ணீர் விழுங்கச் சொன்னார். ஒன்று வெறும் நரம்புப் பதற்றம், இல்லையேல் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார். பதற்றமென்றால் வீட்டில் ஓய்வு, அதாவது அத்தையின் வெற்றி. சுரப்பியென்றால் முதலில் அயோடின் சொட்டு, பிறகு கத்தி. பின்விளைவுகளை நிதானமாக எடைபோட்டேன். கழுத்தில் கத்தி என்ற நினைப்பு என் தூக்கத்தைக் கெடுத்தது. அத்தை சொன்னது சரியென்று ஆகிவிடுமோ என்ற நினைப்பு அதைவிட அதிகமாகக் கெடுத்தது.

எது என்று அறிய ஒரு சோதனை இருந்தது. வெறும் வயிற்றோடு படுத்து, மூக்கில் கிளிப்பும் வாயில் ரப்பர்க் குழாயுமாக பிராணவாயு நிரப்பிய ஓர் உருளையிலிருந்து மூச்சை இழுத்து விட வேண்டும். உடல் எவ்வளவு வேகமாக எரிகிறது என்பதை ஒரு முள் காகிதத்தில் கோடாக இழுக்கும். மனம் அமைதியாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. முதல் நாள் நான் கத்தியை நினைத்துக்கொண்டேன். மருத்துவர் காகிதத்தைக் கிழித்துவிட்டார். "இது சுரப்பியோட அளவு இல்லம்மா, பயத்தோட அளவு. அடுத்த வாரம் வாங்க."

பயந்தாலே முள் ஏறும் என்று தெரிந்ததும் அத்தையைத் தோற்கடிக்க அதுவே போதுமே என்று எனக்குச் சற்றுச் சபலம் தட்டியதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பொய்யாக ஏற்றிய கோட்டை நம்பி மெய்யான கழுத்தை அறுப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்த்தேன்.

அந்த வாரம் என்னிடம் யாரும் மறுத்துப் பேசக் கூடாதென்று அம்மா ஆணையிட்டாள். என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன், பிறந்தது முதல் என்னோடு ஒத்துப்போகாதவன், எதற்கும் "நீ சொன்னா சரிதான்" என்றான். மதியச் சாப்பாட்டையே சட்டம் போட்டு ஒழிக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நல்ல யோசனை," என்று மோரை ஊற்றிப் பிசைந்தான். என் படபடப்பு இரட்டிப்பாயிற்று.

சோதனை நாளன்று ஜட்கா வண்டியிலும் அவன் வாயைத் திறக்கவில்லை. லஸ் முனையில் என் பொறுமை தீர்ந்தது.

"ஏதாவது பேசேண்ணே."

"அம்மா கொன்னுடுவாங்க."

"நீ பேசாம வர்றதுதான் எனக்குப் படபடக்குது."

மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டான். "அப்ப கேட்டுக்கோ. உன் பிடி அரிசித் திட்டம் சுத்த மோசம். அரை வயித்துக்காரன்கிட்டதான் பிடுங்குற. பங்களாக்காரன் வாசல்ல போய் நிக்க வேண்டியதுதானே?"

"நின்னேன். நாயை அவுத்து விட்டான்."

"அதுக்கும் லெக்சர் குடுத்திருப்பியே."

"குடுத்தேன். உன்னைவிடக் கவனமாக் கேட்டுது."

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், டாக்டராண்ட போறது அந்தம்மாவா, நீங்களா? நீங்க போடற சத்தத்துல என் குதிரைக்குப் படபடப்பு வந்துகீது."

பனகல் பூங்காவை எட்டியபோது நான் வென்றிருந்தேன். அவன் கணக்கில் அவன். படுத்ததும் சொல்ல விட்டுப்போன ஒரு பதில் நினைவுக்கு வந்தது. வாயில் குழாய் இருந்ததால் திரும்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் மனம் அடங்கிவிட்டது.

மருத்துவர் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். "இன்னிக்கு நீங்க அமைதியாத்தான் இருந்தீங்க. உங்க சுரப்பிதான் அமைதியா இல்ல. கோடு ரொம்ப மேல போயிருக்கு. ஆபரேஷன் வேண்டியிருக்கும்."

கத்தி உறுதியாகிவிட்டது. ஆயினும் அந்தக் காகிதத்தை எனக்கே கொடுத்துவிடுவாரா என்று கேட்கத் தோன்றியது; அத்தைக்குக் காட்டத்தான்.

"பசிக்குது டாக்டர். சாப்பிடலாமா?"

"சாப்பிடணும். நீங்க சாப்பிடறதை உடம்பு எரிச்சுடுது."

டிபன் கேரியரைத் திறந்து, அண்ணன் பங்கு இடியாப்பத்தையும் சேர்த்து முடித்தேன். அவன் கவனிக்கவில்லை. கண் சிவந்து, சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில், விட்டுப்போன பதிலை அவனிடம் சொன்னேன்.

"நீ சொன்னா சரிதான்," என்றான் மெல்லிய குரலில்.

அவன் கையை அழுத்திக் கிள்ளினேன்.

"ஐயோ! தப்பு, சுத்தத் தப்பு!" என்று அலறினான். குதிரை காதை விறைத்துக்கொண்டது. நாங்கள் மறுபடி ஆரம்பித்தோம்.