நாப்பத்தேழுல வுழுந்த எட்டு மெஷினு

உள்ள நுழைஞ்சா பல்லு கிடுகிடுன்னு ஆடும்... அப்படி ஒரு ஏசி. கதவ தொறந்து வெளிய வந்தா பக்கத்து கம்பி கம்பெனியில இரும்பு காயுற வாடை.

அஞ்சாறு வருஷம் முன்னாடி, கும்மிடிப்பூண்டி எஸ்டேட்ல நான் பெருக்கித் தொடைக்கப் போன மெஷின் ரூம் அது. எட்டு கம்ப்யூட்டரு. மாடியில இருக்கிற புள்ளைங்க லினக்ஸ்னு ஒண்ண... கம்ப்யூட்டரோட அடி மூளையாம்... எதையாவது மாத்திக்கினே இருக்கும். மாத்துனது ஒழுங்கா ஓடுதான்னு இந்த எட்டுல டெஸ்ட் பண்ணுவாங்க. மெஷினு மாட்டிக்கினு நின்னா ஸ்விட்ச அமுக்கி எழுப்புறதும் நான்தான். பெருக்கறதுக்கு சம்பளம், எழுப்பறதுக்கு காபி!

ஒரு திங்கக்கிழமை, மாடியில வேல பாக்குற ஸ்டெல்லா புதுசா கொஞ்சம் டெஸ்ட்டு எழுதி, வரிசையா நம்பர் போட்டு ஏத்துனா. பொன்னேரிப் பொண்ணு, வாயில்லாப் பூச்சி. ஃபைல எழுது, பேர மாத்து, அழி... எல்லாம் ஒரே நேரத்துல. அப்பவும் மத்த ஃபைலு பத்திரமா இருக்குதான்னு பாக்குற டெஸ்ட்டு.

காலையில ஒண்ணு வுழுந்துச்சு. நாஷ்டா முடிச்சி வரதுக்குள்ள மூணு. மத்தியானம் எட்டும் காலி. எழுப்புனா மறுபடி வுழுது.

முதலாளி சார் எறங்கி வந்தாரு. "இந்த ஏரியா கரண்டே சரியில்ல. பக்கத்துல உலைய போட்டா நம்ம மெஷினு சாவுது. எல்லாத்தையும் மெட்ராஸுக்கு தூக்கிடலாம்"னுட்டாரு.

மெஷினு போச்சுன்னா நான் மறுபடி கெமிக்கல் கம்பெனியில டிரம்மு கழுவணும். அங்க புடிச்ச இருமல் அப்பதான் நின்னுருந்துச்சு.

"சார், கரண்டு மேல பழிய போடாதீங்க"ன்னேன்.

"இன்னா கன்னியம்மா, நீ எப்ப இஞ்சினியர் ஆன?"

"நீங்க லீவு போட்ட அன்னிக்கி சார்."

எல்லாரும் சிரிச்சாங்க. நான் விடல. "உலைய போட்டா டியூப்லைட்டு மங்கும் சார், இன்னிக்கி ஒருவாட்டி கூட மங்கல. கரண்டு போயிருந்தா மெஷினு அணைஞ்சிருக்கும். இது எங்க ஊட்டுக்காரரு மாதிரி முழிச்ச கண்ணு முழிச்சபடி நிக்குது. அதுவும் எட்டும் ஒரே நம்பர்ல!"

இங்கிலீஷு எனக்கு வராது. ஆனா நம்பர் பாத்தே பஸ் ஏறி பழகுன கண்ணு. எழுப்பறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல கடைசி வரியில நிக்கிற நம்பர ஒவ்வொரு வாட்டியும் பேனால கையில எழுதிக்கினேன். கைய நீட்டுனேன். முழங்கை வரைக்கும் நாப்பத்தேழு!

ஸ்டெல்லா என் கையையே பாத்தா. நாப்பத்தேழாவது டெஸ்ட்ட மட்டும் தனியா ஒரு மெஷின்ல ஓட்டுனா. ரெண்டு நிமிஷம்... அவுட்டு. பாவி, கைதட்டி குதிக்கிறா! "அக்கா, டெஸ்ட்டுலயும் தப்பு இல்ல, கரண்டுலயும் தப்பு இல்ல. லினக்ஸ்லயே ஓட்டை!"

மூணு வாரம் உக்காந்து அடைச்சா. லினக்ஸ பாத்துக்குற வெளிநாட்டுக்காரங்க அத வாங்கி சேத்துக்கினாங்க. மெஷினு எங்கயும் போகல, நானும் போகல. லினக்ஸ்காரங்களுக்கு ஒரு பழக்கமாம்... ரிப்பேரோட, தப்ப காட்டிக் குடுத்தவங்க பேரையும் மெயிலையும் எழுதணும். எனக்குன்னு ஒரு மெயில் ஐடி தொறந்து எழுதுனா... கன்னியம்மான்னு.

இப்ப மெஷினு வுழுந்தா தானா எழுந்துக்குது. ஸ்டெல்லா ஜெர்மனியில. நான் மாடியில டீ போட்டுக்கினு கீறேன். "அக்கா, எட்டும் காலி"ன்னு கத்த ஆளு இல்ல... கொஞ்சம் வெறிச்சுன்னுதான் கீது.

பள்ளிக்கூட ரெஜிஸ்டர்ல அஞ்சாவதோட அடிச்சிட்ட பேரு என் பேரு. லினக்ஸ்ல எழுதுன இந்த பேர யாராலயும் அடிக்க முடியாதுன்னு சொல்லிட்டுதான் போனா ஸ்டெல்லா. போன வாரம் புதுசா வந்த புள்ளைங்கள அந்த பேர தேட சொன்னேன்.

கீது!