பச்சையப்பனின் நம்பரில்லாத இஞ்ஜின்

2022 அக்டோபர் 10: முன்பணம், ரூ. 40,000
2022 நவம்பர் 21: பிஸ்டன், ரிங், நாலு ஜோடி, ரூ. 18,600
2022 டிசம்பர் 5: சித்தூர் லேத், போரிங், ரூ. 6,400
2022 டிசம்பர் 19: அதே லேத், பேசிங், ரூ. 2,200
2023 மார்ச் 2: கார்புரேட்டர் இரண்டு, ரூ. 31,000
2023 ஜூலை 14: பரிசோதனை ஓட்டம், பெட்ரோல், ரூ. 1,500

பச்சையப்பனின் கணக்கு நோட்டில் உள்ள இவற்றில் டிசம்பர் 19-ஆம் தேதி வேலைதான் அவரைக் கட்டிப்போட்டது.

வடமாலபேட்டையில், சென்னை சாலையை ஒட்டி, தகரம் போட்ட ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. ஒரு வண்டி நிற்க மட்டுமே இடம். 1998 முதல் அது பச்சையப்பனுடையது. அவர் நகரி பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சித்தூரில் லாரிப் பட்டறைகளில் தொழில் கற்றவர். தமிழ் படிப்பார். ஆபீஸ் காகிதங்கள் தெலுங்கில் வருவதால் அவற்றைப் படித்துச் சொல்ல எதிர்வீட்டுக்காரனாகிய என்னிடம் வருவார். அதனால் இந்த விவரங்கள் எனக்குத் தெரியும்.

கார் அவருடையது அல்ல. திருப்பதி வெங்கடராகவனுடையது. அவருடையது கோயில் கைங்கர்யக் குடும்பம்; அவர் மட்டும் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா 1954-இல் வாங்கிய கறுப்புச் சீமைக் கார் அவரிடம் இருந்தது. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சித்தூரில் கூடித் திருப்பதிவரை ஓட்டிவருவார்கள். பெயருக்கு ஊர்வலம், உள்ளுக்குள் பந்தயம்.

"போன தடவை சந்திரகிரி தாண்டறதுக்குள்ள ஒரு ஷேர் ஆட்டோ என்னை முந்திண்டு போனான்யா. உள்ள இருந்த பொம்மனாட்டிகள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரிக்கறா" என்றார் வெங்கடராகவன்.

"எழுவது வயசு வண்டி சாமி. நடந்து வந்ததே பெருசு. நீங்க பறக்கச் சொல்றீங்க" என்றார் பச்சையப்பன்.

"உன்னால முடியுமா, முடியாதா?"

"முடியும்."

இஞ்ஜினை இறக்கிப் பிரித்தார். சிலிண்டர்களைப் பெரிதாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது முதல் வேலை. அதுதான் போரிங். இஞ்ஜின் பிளாக்கின் மேல்முகத்தை இழைத்துத் தாழ்த்துவது அடுத்தது. பட்டறையில் அதைப் பேசிங் என்பார்கள். மேல்முகம் தாழ்ந்தால் பிஸ்டனுக்கு மேலே இடம் குறையும். பெட்ரோலும் காற்றும் இன்னும் நெருக்கப்பட்டு வேகமாக வெடிக்கும். பிறகு ஒன்றுக்கு இரண்டு கார்புரேட்டர்.

பிளாக்கின் மேல் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தட்டையான இடம் இருந்தது. அந்தக் குடும்பத்தார் ஆயுத பூஜைதோறும் அங்கேதான் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். எண்ணெயோடு சேர்ந்து அது கல்லாக இறுகியிருந்தது.

"மத்ததெல்லாம் டீசல்ல அலம்பிக்கோ. அதை மட்டும் சுரண்டாதே. அடியில தாத்தா கையால வெச்ச சந்தனம் இருக்கு" என்றார் வெங்கடராகவன்.

சொல்லாவிட்டாலும் பச்சையப்பன் சுரண்டியிருக்கமாட்டார். அவர் ஷெட்டில் வைஸுக்கும் டிரில்லுக்கும் வைத்த பொட்டு அடுத்த பூஜைவரை அப்படியே இருக்கும். பேசிங் போட்டால் சந்தனம் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். மிஷின் எடுத்தால் குற்றமில்லை, கையால் சுரண்டினால்தான் குற்றம் என்று இருவரும் நினைத்தார்கள். சித்தூர் லேத்காரரும் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் இழைக்கும் கல்லை இறக்கினார்.

சந்தனத்துக்கு அடியில் இஞ்ஜின் நம்பர் குத்தியிருந்தது. அதுவும் சந்தனத்தோடு போயிற்று. பிளாக்கின் பக்கவாட்டில் பித்தளைத் தகடு ஒன்று இருந்ததால், அதில் உள்ளதுதான் நம்பர் என்று பச்சையப்பன் எண்ணியிருந்தார். ஆனால் அந்த மாதிரி இஞ்ஜின்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான எண் அது.

ஜூலை 14 அன்று புத்தூர் சாலையில் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். வெங்கடராகவன் முன்சீட்டில் இருந்தார். சென்னை பஸ் ஒன்றை முந்தியபோது, "பெருமாளே! மெதுவா போய்யா, நான் இன்னும் பேரனைப் பார்க்கலை" என்று கத்தினாராம். வண்டி நின்றதும் இறங்கிக் கையைப் பிசைந்துகொண்டு, "இன்னொரு தடவை போலாமா?" என்று கேட்டாராம். பச்சையப்பன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை அதன்பின் நான் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துத் தேடினார்.

"நெம்பர் எக்கட?"

பச்சையப்பன் தகட்டைக் காட்டினார்.

"இதி காது. பிளாக் மீத உண்டாலி." இது இல்லை, பிளாக்கின் மேலேயே இருக்க வேண்டும் என்று சொல்லி, இன்ஸ்பெக்டர் இழைத்த இடத்தை விரலால் தடவினார். கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. "இஞ்ஜின் எவரிதி? யாரோட இஞ்ஜின்பா இது?"

புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். கார் பச்சையப்பன் ஷெட்டுக்கே திரும்பியது. அந்த நம்பரைத் திரும்பக் குத்த அனுமதி வேண்டுமானால், இஞ்ஜின் திருட்டுப் பொருளல்ல என்று போலீஸ் சான்று வாங்கிவரச் சொன்னார்கள்.

மறுவாரம் வெங்கடராகவன் ஷெட்டுக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "ஆர்.சி. புஸ்தகத்துல நம்பர் இருக்கே. நீயே குத்திடேன். நம்ம வண்டி, நம்ம நம்பர். இதுல என்ன திருட்டு?"

"உளி என் கையில இருக்கும் சாமி. போலீஸ் வந்தா என் கைய புடிப்பானா, உங்க நாமத்த புடிப்பானா?"

"வாயைப் பாரு! சரி, நேர் வழியிலேயே போ. எத்தனை நாள் ஆறதுன்னு பார்க்கறேன்."

பச்சையப்பன் நேர் வழியிலேயே போனார். அக்டோபரில் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தார். மனு வந்ததும் அதற்கு ஒரு விசாரணைக் கோப்பு திறக்க வேண்டியிருந்தது. இஞ்ஜினைப் பிரித்த இடம் அவருடைய ஷெட், இழைக்கக் கொண்டுபோனவரும் அவர். ஆகவே விசாரிக்கப்படுபவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினார்கள். விசாரணை முடியும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது, இஞ்ஜினில் கைவைக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள்.

ஷெட்டுக்குள் இருக்கும் ஒரே இடத்தை அந்தக் கார் அடைத்துக்கொண்டது. மற்ற வண்டிகளுக்கு வெளியே வெயிலில் படுத்து வேலை செய்தார். மழை வந்தால் வேலை இல்லை. காரை எலி கடிக்காமலும் துருப்பிடிக்காமலும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவருடையது.

இந்த நிலையில்தான் நாயுடுபேட்டை வேலை வந்தது. மகள் தரணி அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அங்கே மெஷின்களைப் பராமரிக்க ஒரு ஃபிட்டர் வேண்டியிருந்தது. மாதச் சம்பளம், பி.எஃப்., தலைக்கு மேல் கூரை. பச்சையப்பனுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன; தரையில் படுத்து எழுவதற்கு யாராவது கைகொடுக்க வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் போய் வேலை செய்து காட்டினார். எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நிபந்தனைகள்: ஐம்பத்தைந்து வயது முடிவதற்குள் சேர வேண்டும், போலீஸ் நன்னடத்தைச் சான்று கொடுக்க வேண்டும். பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் தாமாக எழுதிய பிறந்த தேதி 1969 ஜூலை 1. அதன்படி அவருக்கு ஜூன் 30 வரை நேரம் இருந்தது.

சான்றுக்கு விண்ணப்பித்தார். "விசாரணை நிலுவையில் உள்ளது" என்று பதில் வந்தது.

நான் படித்துச் சொன்னதும் அவர் காகிதத்தை வாங்கி நாலாக மடித்தார். பிறகு சொன்னார்: "பிராது குடுத்தவன் இல்ல. பொருள் போனவன் இல்ல. திருடனவனும் இல்ல. கேஸ் மட்டும் கீது."

கூட வந்திருந்த மனைவி சென்னம்மா பொரிந்தாள். "அந்த அய்யரு சொன்னாரே, அன்னிக்கே ராவோட ராவா நாலு குத்து குத்தியிருந்தா முடிஞ்சிருக்கும். இவுரு பெரிய அரிச்சந்திரன். போலீசாண்ட தானே போயி, என்ன புடிச்சிக்கோன்னு நின்னுக்கினாரு."

"உன்ன கட்டிக்கும்போதும் நானேதான் வந்து நின்னேன். அப்ப இன்னா சொன்னே?"

"அப்பவே சொன்னேன், வேணாம்னு. எங்க நைனாதான் கேக்கல."

ஏப்ரலில் ஆய்வுக்கூடத்திலிருந்து இருவர் வந்து, இழைத்த இடத்தில் அமிலம் தடவிப் பார்த்தார்கள். நம்பரை மேலோட்டமாக ராவியிருந்தால் அதன் சாயல் அடியில் தெரியுமாம். இங்கே வேகத்துக்காக ஆழமாக எடுத்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை. இஞ்ஜின் அதே இஞ்ஜின்தான் என்று நிரூபிக்கவும் வழியில்லை, அல்ல என்று நிரூபிக்கவும் வழியில்லை. கோப்பை முடிக்க யாரும் கையெழுத்திடவில்லை.

மே மாதம் பச்சையப்பன் திருப்பதிக்குப் போய் வெங்கடராகவனைப் பார்த்தார். பதிவையே ரத்து செய்துவிடக் கேளுங்கள், காரே இல்லையென்றால் கோப்பும் முடிந்துவிடும் என்று ஸ்டேஷனில் ஒருவர் சொல்லியிருந்தார்.

"ரத்து பண்ணிட்டா அது பழைய இரும்புய்யா. தாத்தா பேர்ல இருக்கற ஒரே வண்டி. நானே எழுதிக் கொடுப்பேனா?"

"என் பொழப்பு போவுது சாமி."

வெங்கடராகவன் அழுதார் என்று பச்சையப்பன் என்னிடம் சொன்னார். ஆனால் எழுதிக் கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் பிரிந்தார்கள்.

ஜூன் கடைசி வாரம் தரணி தினமும் போன் செய்தாள். "நைனா, ஹெச்.ஆர். மேடத்தாண்ட பேசிட்டேன். சர்டிபிகேட் லேட்டா குடுக்கலாமான்னு மேல கேட்டுக்கினு இருக்காங்க. நீ பை கட்டி வச்சிக்கோ." அவர் பையைக் கட்டிவைத்தார். இரண்டு சட்டை, தம் சொந்த ஸ்பேனர் செட், முழங்கால் தைலம். ஜூன் 30 ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை எதுவும் எடுக்காமல், காரின் பின்சீட்டில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என் வீட்டிலிருந்து பார்த்தேன்.

மறுநாள் அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. அன்று ஒரு வேன் வந்தது; அதன் அடியில் வெயிலில் படுத்துக் கிளட்ச் மாற்றினார். எழ முடியாமல் என்னைக் கூப்பிட்டார்.

கம்பெனியின் பதில் ஆங்கிலத்தில் இருந்தது, நான்கே வரி. சான்று கிடைக்காததாலும் வயது வரம்பு கடந்ததாலும் அந்த இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்துக்கொண்டதாக எழுதியிருந்தார்கள். கடிதம் வந்தது 2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை.