கில்பர்ட்டின் அட்டை

நம்பித்தான் ஆகவேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தது நான். பிடிபட்டது என் கை.

1967. இராமநாதபுரத்தில் ஒரு அலுவலகம். புயலில் அடிபட்ட குடும்பங்களின் விவரமெல்லாம், ஆளுக்கொரு அட்டையில் துளைகளாக இருக்கும். மதராஸில் இருந்த கம்ப்யூட்டர் அந்தத் துளைகளைத்தான் படிக்கும். ஈரத்தில் நமுத்துப்போன ஒரு கட்டு திரும்பி வந்திருந்தது. கெட்ட அட்டையைப் பார்த்துப் புது அட்டையில் அதே துளைகளைப் போடுவது என் வேலை. கடைசித் துளைதான் முக்கியம். ஒன்று என்றால் உயிரோடு இருக்கிறார். இரண்டு என்றால் இறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். கையில் எடுத்த அட்டையின் மேல் என் கணவர் பெயர். கில்பர்ட். தனுஷ்கோடிப் புயலில் போனவர். உடல் கிடைக்கவில்லை. தாலியைக் கழற்றி, மாதா கோயிலில் பூசையும் வைத்தாகிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டை அழுத்தினேன். டக்.

எடுத்துப் பார்த்தால்... ஒன்றில் துளை.

கை தவறியிருக்கும். வேறு அட்டை செருகினேன். டக்.

மறுபடியும் ஒன்று.

பக்கத்து மெஷினில் இருந்த சல்மாவைக் கூப்பிட்டேன். அவள் வேறொரு அட்டையைப் போட்டுப் பார்த்தாள். சரியாக விழுந்தது.

"மெஷினு நல்லாத்தானக்கா இருக்கு?" என்றவள், சட்டென்று பின்வாங்கினாள். "அக்கா... ஒங்க கை ஏன் ஈரமா இருக்கு?"

பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. உப்பு வாடை. ஐந்து விரல்கள் இறுக்கிப் பிடித்தது போல... ஜில்லென்று.

அவர்தான். அந்தப் பிடி எனக்குத் தெரியும்.

"ஏங்க... நீங்க போய்ச் சேந்துட்டீங்க. என்னைய விட்ருங்க."

பிடி இறுகியது.

இன்னொரு புது அட்டையைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டை அழுத்தினேன்.

டக்.

பிடி விட்டது.

அட்டையில்... இரண்டு.

அடுத்த வாரம், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை மன்னாரில் வேலை பார்த்த என் தம்பி சூசைமுத்து வந்தான். உட்காரக்கூட இல்லை.

"அக்கா, மச்சான் புயல்ல சாகல. அங்கனதான் இருந்துருக்காரு. வேற பொண்டாட்டி. மூத்த பயலுக்கு அஞ்சு வயசு."

அஞ்சு வயசு! புயல் அடித்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. என்னோடு வாழ்ந்தபோதே... இந்த ஆளுக்காகவா ராத்திரியெல்லாம் முழங்காலில் நின்று ஜெபித்தேன்?

"இருந்தாருன்னா? இப்ப எங்க?"

"போன வெள்ளிக்கெழம மத்தியானம் செத்துட்டாரு. கரையில, சுடுமணல்ல நின்னு வலை காயப்போட்டுக்கிட்டு இருந்தவரு..." தம்பி சிலுவை போட்டுக்கொண்டான்.

"நெஞ்சு நெறையக் கடத்தண்ணிக்கா. அன்னைக்கு அவரு தண்ணியில காலே வைக்கல."