கல்லில் விடுபட்ட பதினாறு பேர்

காலை ஏழரை மணிக்குக் குன்னூரிலிருந்து கோத்தகிரி பஸ் ஏறினேன். கட்டபெட்டுக்கு இரண்டரை ரூபாய் டிக்கெட். பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சமும் தேயிலை கூடவே வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம், ஜனவரி வெயில், அவசரமில்லாத பயணம். வேறென்ன வேண்டும்!

பக்கத்தில் மாரியாயி என்ற அறுபது வயது அம்மாள். இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கையில் மடித்த தாள் ஒன்று.

"நாங்க வந்தப்ப வெறும் காடுங்க. பதினாறு குடும்பம் வெட்டித் திருத்துனோம். அந்தப் பதினாறு பேரையும் கல்லுல பொறிச்சு வச்சோம். எங்க வீட்டுக்காரரு முத்துசாமி மூணாவது. போன வாரம் கல்லைப் பேத்துட்டாங்க. இன்னைக்குப் புதுக்கல்லு தொறக்குறாங்க. அதுல எங்காளுக பேரையும் போடச் சொல்லி ஆபீசரைக் கேக்கணும். குன்னூர்ல மக ஊட்டுல எழுதி வாங்கிட்டு வர்றேன்."

தாளில் பதினாறு பெயர்கள் மட்டும் இருந்தன. மீதியை வாயால் சொல்லிக்கொள்வாராம். எங்கள் தஞ்சாவூரில் ஆட்சி மாறினால் கட்டடங்களின் பெயர் மாறும், சிரித்துவிட்டுப் போவோம். இதற்குச் சிரிப்பு வரவில்லை. அவருடனேயே இறங்கினேன்.

பத்து மணிக்குப் புதுக்கல்லின் திரை விலகியது. 'நாடற்றோருக்குத் தேயிலை தந்து வாழ்வளித்த அரசு' என்று பொன்னெழுத்து, கீழே அமைச்சர் பெயர். அரசே அரிவாள் எடுத்துக் காடு வெட்டியது போலிருந்தது.

அமைச்சர் போனதும் ஆபீசர் மேடையில் தவித்துக்கொண்டு நின்றார். விழாவுக்கு வந்த பயனாளிகளின் பட்டியலை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். மாரியாயி தாளை நீட்டினார்.

"பயனாளி லிஸ்ட்டா? இதைத்தாம்மா தேடிட்டிருந்தேன்!"

அவரைப் பேசவே விடாமல் மைக்கில் வாசிக்கத் தொடங்கினார்.

"கருப்பையா!"

கூட்டம் விழித்தது. தோட்டத்தில் தினமும் காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு உண்டு. பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுத்தாக வேண்டும். இறந்துபோன கருப்பையாவின் மகன் எழுந்து, "இருக்காருங்க!" என்றார். அடுத்த பெயருக்கு ஒரு மருமகள் எழுந்தாள்.

"முத்துசாமி!"

"இருக்காருங்க சார்!" என்று கத்தினார் மாரியாயி.

பதினாறு பெயருக்கும் குரல் வந்தது. ஆபீசர் ஒவ்வொன்றாக டிக் போட்டு, கையெழுத்திட்டு, சீல் குத்தி, விழாக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

மதியம் இரண்டு மணி பஸ்ஸுக்கு மாரியாயி வழியனுப்ப வந்தார். கல்லில் பெயர் ஏறவில்லையே என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அவரு செத்து ஒம்போது வருசமாச்சுங்க. இன்னைக்கு விழாவுக்கு வந்திருந்தாருன்னு கவர்மெண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டிருச்சே!"